அரசர் குதிரைகளை விற்றால் என்ன அர்த்தம்? பிரிட்டிஷ் அரச லாயத்தின் நீண்ட கணக்கு

2022 அக்டோபரில், இரண்டாம் எலிசபெத் அரசி இறந்து இரண்டு மாதம் ஆவதற்குள், அவருடைய பந்தயக் குதிரைகளில் 14, இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் டாட்டர்சால்ஸ் நிறுவனம் நடத்தும் குதிரை ஏலத்துக்கு வந்தன. அம்மா ஆசையாக வளர்த்ததை மகன் விற்கத் தொடங்கிவிட்டார் என்று அதைப் பலர் படித்தார்கள். எட்டு மாதம் கழித்து, 2023 ஜூனில், அதே லாயத்தின் டெசர்ட் ஹீரோ என்ற குதிரை ராயல் அஸ்காட் பந்தய விழாவில் ஜெயித்தது. இப்போது அரச லாயத்துக்குப் புதுக் காலம் பிறந்துவிட்டது என்று எழுதினார்கள்.

இரண்டுமே அவசர முடிவுகள். குதிரைப் பந்தயத்தில் ஒரு முடிவின் பலன் தெரிய நான்கைந்து வருடம் ஆகும். இனவிருத்தியில் தலைமுறைகளே ஆகும். அரச லாயத்தில் என்ன நடக்கிறது என்று புரிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது வெற்றிக் கோப்பையையோ ஏல அரங்கையோ அல்ல, பண்ணையில் நிற்கும் தாய்க்குதிரைகளை. அது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

யாருடைய குதிரைகள், யார் பணம்?

முதல் குழப்பம் இது. அரசருக்கு நாடாளுமன்றம் ஒதுக்கும் மானியத்தில் இந்தக் குதிரைகள் ஓடுவதில்லை. பண்ணையும் குதிரைகளும் அரச குடும்பத்தின் தனிச் சொத்து. பண்ணை நார்ஃபோக் மாவட்டத்தில் சாண்ட்ரிங்ஹாம் தோட்டத்தில் இருக்கிறது. பிற்பாடு ஏழாம் எட்வர்டாக முடிசூடியவர், இளவரசராக இருந்த 1886இல் தொடங்கியது. அவர் வாங்கிய பெர்டிடா என்ற ஒரே தாய்க்குதிரை, இங்கிலாந்தின் புகழ்பெற்ற டெர்பி பந்தயத்தை 1896இல் வென்ற பெர்சிம்மனையும் 1900இல் டெர்பி உட்பட மூன்று பெரிய பந்தயங்களை வென்ற டயமண்ட் ஜூபிலியையும் ஈன்றது. நல்ல தாய் ஒன்று கிடைத்தால் பண்ணைக்கு வேறு அதிர்ஷ்டம் தேவையில்லை என்பது அங்கே முதல் தலைமுறையிலேயே தெரிந்துவிட்டது.

ஜாக்கியின் உடைதான் லாயத்தின் அடையாளம். ஊதா மேல்சட்டை, அதில் தங்கச் சரிகைப் பின்னல், சிவப்புக் கை, கறுப்பு வெல்வெட் தொப்பி, தங்கக் குஞ்சம். அது எட்வர்ட் முதல் ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ், எலிசபெத் வழியாக இப்போது மூன்றாம் சார்லஸுக்கு வந்திருக்கிறது. குதிரைகள் அரசர், அரசி இருவர் பெயரிலும் சேர்ந்து ஓடுகின்றன. கமிலாவுக்குப் பந்தயத்தில் உள்ள ஈடுபாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம். சார்லஸ் அரசரான பிறகு முதல் வெற்றி, எலிசபெத் மறைந்த அதே செப்டம்பரின் கடைசியில், சாலிஸ்பரியில், எஜுகேட்டர் என்ற குதிரை மூலம் வந்தது.

ஒரு குட்டி பந்தயத் திடலுக்கு வர எத்தனை வருடம்?

இதுதான் முழுக் கட்டுரையின் அச்சாணி என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. பெண்குதிரையைப் பொலிகுதிரை இருக்கும் பண்ணைக்கு நேரில் கொண்டுபோக வேண்டும். வட அரைக்கோளத்தில் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஜூன் வாக்கில் முடியும் பருவம் அது. பொலிகுதிரையின் உரிமையாளருக்குக் கட்டணம் கட்ட வேண்டும். 2024இல் ஃபிராங்கெல் என்ற பொலிகுதிரைக்கு ஒரு முறைக்கான கட்டணம் 3,50,000 பவுண்ட். அதன் பிறகு சுமார் 11 மாதச் சினைக்காலம்.

எந்த மாதத்தில் பிறந்தாலும் எல்லாக் குட்டிக்கும் ஜனவரி 1இல்தான் ஒரு வயது கூடும். அதனால் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்த குட்டிக்கு மே மாதக் குட்டியைவிட வளர்ச்சியில் ஒரு முன்னிலை இருக்கும். அரச லாயத்தில் குட்டிகள் சாண்ட்ரிங்ஹாமில் பிறந்து, தாய்ப்பால் மறந்த பின் ஹாம்ப்ஷயரில் உள்ள போல்ஹாம்ப்டன் லாட்ஜ் பண்ணைக்குப் போவது நெடுநாள் வழக்கம். அங்கே சேணம் போட்டுப் பழக்கிய பிறகுதான் பயிற்சியாளரிடம் அனுப்புவார்கள். இரண்டு வயதில் முதல் ஓட்டம், மூன்று வயதில் பெரிய பந்தயங்கள்.

இந்தக் கணக்கை டெசர்ட் ஹீரோவுக்குப் போட்டுப் பாருங்கள். அது 2020இல் பிறந்தது. அதன் தாயை சீ தி ஸ்டார்ஸ் என்ற பொலிகுதிரையிடம் அனுப்பும் முடிவு 2019 வசந்தத்துக்குள் எடுக்கப்பட்டது, அதாவது எலிசபெத் எடுத்தது. 2023இல் சார்லஸும் கமிலாவும் கொண்டாடியது அம்மாவின் திட்டத்தின் பலனைத்தான். அதேபோல, புதிய அரசரின் முதல் இனவிருத்திப் பருவம் 2023. அந்தக் குட்டிகள் பிறந்தது 2024இல். அவை இரண்டு வயதுக் குதிரைகளாக ஓடத் தகுதி பெறுவது 2026இல், டெர்பி வயதை எட்டுவது 2027இல். அதற்கு முன் சார்லஸின் லாயம் ஜெயித்தது, தோற்றது என்று எழுதப்பட்டதெல்லாம் பெரும்பாலும் எலிசபெத்தின் லாயத்தைப் பற்றியதுதான்.

எல்லா வெற்றியும் ஒன்றல்ல

பிரிட்டனில் கிளாசிக் என்ற பெயர் ஐந்து பந்தயங்களுக்கு மட்டுமே உண்டு. நியூமார்க்கெட்டில் ஒரு மைல் ஓடும் 2000 கினிஸ், 1000 கினிஸ். எப்சமில் ஒன்றரை மைல் ஓடும் டெர்பி, ஓக்ஸ். டான்காஸ்டரில் அதைவிட நீளமான செயின்ட் லெஜர். ஐந்திலும் மூன்று வயதுக் குதிரைகளே ஓடும். 1000 கினிஸும் ஓக்ஸும் பெண்குதிரைகளுக்கு மட்டும். ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு.

இவை குரூப் 1 என்ற மேல்தட்டைச் சேர்ந்தவை. அதற்குக் கீழே குரூப் 2, குரூப் 3, லிஸ்டட். இவற்றில் முன்னணி இடம் பிடித்த குதிரையின் பெயர் ஏலப் பட்டியலில் தடித்த எழுத்தில் அச்சாகும். வாங்க வருபவர் அந்தப் பக்கத்தில் முதலில் தேடுவது அந்தத் தடித்த எழுத்துகளைத்தான். இன்னும் கீழே ஹேண்டிகேப் பந்தயங்கள். திறமைசாலிக் குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றி, எல்லோரையும் சமமாக்கி ஓடவிடுவது.

டெசர்ட் ஹீரோ அஸ்காட்டில் ஜெயித்த கிங் ஜார்ஜ் V ஸ்டேக்ஸ் ஒரு ஹேண்டிகேப். மகிழ்ச்சியான வெற்றிதான், ஆனால் இனவிருத்தி நோக்கில் எடை குறைவு. அதன்பின் குட்வுட்டில் கோர்டன் ஸ்டேக்ஸை வென்றதும், செப்டம்பரில் செயின்ட் லெஜரில் மூன்றாவதாக வந்ததும் அதைவிட மதிப்பானவை. ஆனால் அதிகம் பேசப்பட்டது அஸ்காட் வெற்றிதான்.

பயிற்சியாளர் ஏன் பலர்?

அரச குதிரைகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. எலிசபெத்தின் தொடக்க காலத்தில் செசில் பாய்ட்-ராச்ஃபோர்ட், அப்புறம் டிக் ஹெர்ன், இயன் பால்டிங். கடைசிக் காலத்தில் மைக்கேல் ஸ்டவுட், வில்லியம் ஹாகஸ், ஜான் கோஸ்டன், ஆண்ட்ரூ பால்டிங் என்று பலர். ஒரு லாயத்தில் வைரஸ் காய்ச்சல் வந்தால் அந்தப் பருவமே போய்விடும் என்பது ஒரு காரணம். குதிரையின் சுபாவத்துக்கு ஏற்ற கை வேண்டும் என்பது இன்னொன்று. 2024இல் ஓய்வு பெற்ற ஸ்டவுட் அவசரப்படாதவர், வயது ஏற ஏறத் தேறும் குதிரைகளை அவரிடம் நம்பிக் கொடுக்க முடிந்தது.

யாரிடம் எது போக வேண்டும், எந்தப் பெண்குதிரைக்கு எந்தப் பொலிகுதிரை என்று பார்ப்பது பந்தய மேலாளர், இனவிருத்தி ஆலோசகர் வேலை. 1969 முதல் 2001இல் இறக்கும்வரை எலிசபெத்தின் பந்தய மேலாளராக இருந்தவர் அவருடைய இளமைக்கால நண்பர், கார்னர்வன் பிரபு. அடுத்து வந்த ஜான் வாரன் கார்னர்வனின் மருமகன். இவ்வளவு நீண்ட தொடர்ச்சி வேறு லாயங்களில் அரிது. மாமனார் ஒரு குட்டியைப் பற்றிச் சொன்ன குறை அதன் பேத்திக் குதிரையைப் பார்க்கும்போது மருமகனுக்கு நினைவுக்கு வருகிறது என்றால், அது எந்தக் கணினியும் தராத நன்மை.

தடைதாண்டும் பந்தயம் தனி உலகம். அது எலிசபெத்தின் தாயாருக்குப் பிரியமானது. 1956 கிராண்ட் நேஷனலில் வெற்றிக்கோட்டுக்குச் சில கஜம் முன்னால் காரணமே இல்லாமல் கீழே விழுந்த டெவன் லாக் அவருடைய குதிரைதான். இங்கே ஓடுபவற்றில் பல காயடித்த ஆண்குதிரைகள். ஆகையால் இனவிருத்திக் கணக்குக்கு அவை வருவதில்லை.

ஆணை விற்பார்கள், பெண்ணை யோசிப்பார்கள்

ஒரு பொலிகுதிரை ஒரே பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்குதிரைகளோடு சேர்க்கப்படும். ஆகவே உலகத்துக்குச் சில பொலிகுதிரைகள் போதும். குரூப் 1 தரத்தை எட்டாத ஆண்குதிரைக்குப் பண்ணையில் வேலை இல்லை. அதை ஆஸ்திரேலியாவுக்கோ ஹாங்காங்குக்கோ வளைகுடாவுக்கோ நல்ல விலைக்கு விற்பது லாயத்தின் அன்றாட நிர்வாகம்.

2022 அக்டோபரில் நடந்தது இதுவே. அந்த ஏலமே பயிற்சியில் இருக்கும் குதிரைகளுக்கானது. அரசி இருந்த காலத்திலும் ஆண்டுதோறும் அங்கே குதிரைகள் அனுப்பப்பட்டு வந்தன. அதிக விலை போனது ஜஸ்ட் ஃபைன், 3,00,000 கினி. ஏலத்தில் இன்னும் பழைய கினிக் கணக்குதான், ஒரு கினி 1.05 பவுண்ட். அது ஆஸ்திரேலியா போய், 2023இல் சிட்னியில் மெட்ரோபாலிட்டன் என்ற குரூப் 1 பந்தயத்தை ஜெயித்தது. அவசரப்பட்டு விற்றுவிட்டார்களே என்று தோன்றலாம். ஆனால் அங்கே அந்தத் தூரத்தில் போட்டி வேறு. இங்கிலாந்தில் நின்றிருந்தால் அதே வெற்றி கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. பண்ணையின் எதிர்காலத்தில் அதனால் ஒரு கல்கூட நகரவில்லை.

பெண்குதிரை அப்படியல்ல. வருடத்துக்கு ஒரு குட்டி, வாழ்நாளில் பத்துப் பன்னிரண்டு. ஒரு பெண்குதிரையை விற்றால் அதன் மகள்களும் அந்த மகள்களின் மகள்களும் சேர்ந்தே போகின்றன. அரச லாயத்துக்கு இந்தப் பாடம் நன்றாகவே தெரியும்.

ஃபியோலாவின் வம்சம்

1933இல் பிறந்த ஃபியோலாவை ஐந்தாம் ஜார்ஜின் லாயத்துக்காகக் குட்டியாக வாங்கினார்கள். 1936இல் 1000 கினிஸில் இரண்டாவது, ஓக்ஸில் மூன்றாவது. கிளாசிக் எதையும் ஜெயிக்காத அளவுக்குச் சற்றுக் குறைந்த தரம். ஆனால் பண்ணைக்குத் திரும்பிய பிறகு அது காட்டியது வேறு தரம்.

ஒரு மகள் ஏஞ்சலோலா. அதன் மகன் ஆரியோல், 1953இல் எலிசபெத் முடிசூடிய நான்காம் நாள் டெர்பியில் பின்ஸாவுக்குப் பின் இரண்டாவதாக வந்தது. டெர்பியை வெல்லும் வாய்ப்பு எலிசபெத்துக்கு அதைவிட நெருங்கி வரவே இல்லை. அடுத்த ஆண்டு அஸ்காட்டில் எலிசபெத்தின் பெற்றோர் பெயரிலான கிங் ஜார்ஜ் VI அண்ட் குவீன் எலிசபெத் ஸ்டேக்ஸை ஆரியோல் அவருக்கு வென்று கொடுத்தது.

இன்னொரு மகள் நைட்ஸ் டாட்டர். அது அமெரிக்காவுக்குப் போய் ரவுண்ட் டேபிளை ஈன்றது. 1958இல் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை அதுதான்.

மூன்றாவது மகள் ஹைபெரிகம். 1946இல் 1000 கினிஸ் தொடங்கும் முன் ஜாக்கி டக் ஸ்மித்தைக் கீழே தள்ளிவிட்டு ஓடிவிட்டது. துரத்திப் பிடித்து, மறுபடி ஏற்றி, தொடக்கத்தையே தாமதப்படுத்தி, அதன் பிறகு ஓடவிட்டார்கள். ஜெயித்தது. இந்த முரட்டுக் குதிரையின் மகள் ஹைலைட், ஹைலைட்டின் மகள் ஹைக்ளியர்.

ஹைக்ளியர் 1974இல் ஜோ மெர்சர் ஏறி 1000 கினிஸை வென்றது. அடுத்து ஃபிரான்ஸின் ஷாந்தியில் பிரீ த டியானையும் வென்றது. அன்று எலிசபெத்தும் அங்கே இருந்தார். மகிழ்ச்சி தாங்காமல் பயிற்சியாளர் டிக் ஹெர்னையும் மெர்சரையும் அன்று இரவே விண்ட்சர் கோட்டைக்கு விருந்துக்கு வரவழைத்தார்.

கதை உண்மையில் சூடுபிடிப்பது ஹைக்ளியரின் இரண்டு மகள்களில்.

மூத்தது பர்க்ளியர், 1977இல் பிறந்தது. பந்தயத்தில் பெரிதாகச் சாதிக்கவில்லை, லாயத்தைவிட்டு வெளியே போனது. அதன் மகள் விண்ட் இன் ஹெர் ஹேர் 1994 ஓக்ஸில் இரண்டாவது. மறு ஆண்டு சினையாக இருந்தபோதே ஜெர்மனியில் ஒரு குரூப் 1 பந்தயத்தை ஜெயித்தது. பிறகு ஜப்பானுக்குப் போய், 2002இல் சண்டே சைலன்ஸ் மூலம் டீப் இம்பாக்டை ஈன்றது. 2005இல் ஜப்பானின் மூன்று கிரீடப் பந்தயங்களையும் தோல்வியே காணாமல் வென்ற அந்தக் குதிரை, பொலிகுதிரையாக ஆண்டுக்கணக்கில் அந்த நாட்டின் முதலிடத்தில் நின்றது. அது 2019இல் செத்துப்போனது. அதன் கடைசிக் குட்டிகளில் ஒன்றான ஆகஸ்ட் ரோடின், 2023 ஜூனில் எப்சம் டெர்பியை வென்றது. வாழ்நாள் முழுக்க அந்தப் பந்தயத்துக்காகக் காத்திருந்த எலிசபெத் இறந்து அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அவருடைய ஹைக்ளியரின் ரத்தம் ஜப்பானைச் சுற்றி வந்து, வேறு ஒருவரின் ஜாக்கி உடை நிறத்தில் டெர்பியை ஜெயித்தது. இந்த வம்சத்தைத் தெரிந்தவர்களால் அதைச் சாதாரணமாகப் பார்த்திருக்க முடியாது.

இளையது ஹைட் ஆஃப் ஃபேஷன், 1979இல் பிறந்தது. இரண்டு வயதில் தோற்கவே இல்லை. 1982இல் துபாயின் ஷேக் ஹம்தான் அல் மக்தூம் பத்து லட்சம் பவுண்டுக்கும் அதிகமாகக் கொடுத்து அதை வாங்கினார். அந்தப் பணம் டிக் ஹெர்னின் பயிற்சி லாயமான வெஸ்ட் இல்ஸ்லியை அரசி வாங்க உதவியது. புதிய உரிமையாளரிடம் ஹைட் ஆஃப் ஃபேஷன் அன்ஃபுவெய்ன், நாஷ்வான், நயேஃப் என்று அடுக்கடுக்காக ஈன்றது. 1989இல் நாஷ்வான் 2000 கினிஸ், டெர்பி இரண்டையும் வென்றது. பயிற்சி கொடுத்தவர் அதே டிக் ஹெர்ன், இடம் அதே வெஸ்ட் இல்ஸ்லி.

அதே சமயம், விபத்தில் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்த ஹெர்னுக்குக் குத்தகையைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அரச தரப்பு முடிவு செய்திருந்தது. பந்தய உலகம் கொதித்தது. கடைசியில் ஹெர்னுக்கு லேம்போர்னில் புது லாயம் அமைத்துக் கொடுத்தவர் ஷேக் ஹம்தான். எலிசபெத்தின் பந்தய வாழ்க்கையில் அவர்மீது பொதுமக்களின் கோபம் திரும்பிய அபூர்வமான நேரம் அது. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ரத்தம் எவ்வளவு, தேர்வு எவ்வளவு?

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். ஃபியோலாவிலிருந்து ஆகஸ்ட் ரோடின் வரை ஏழு தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் பங்கு பாதியாகிறது என்றால் ஃபியோலாவின் பங்கு 128இல் ஒன்று, ஒரு சதவீதம்கூட இல்லை. அப்படியானால் வம்சம் என்பது வெறும் பெயரா?

இல்லை. நல்ல தாய்க்கு நல்ல பொலிகுதிரை கிடைக்கும், ஏனென்றால் அந்தக் கட்டணத்தைக் கட்ட உரிமையாளருக்குத் துணிவு வரும். குட்டி நன்றாக வந்தால் அதற்கு இன்னும் நல்ல இணை, நல்ல பயிற்சியாளர், பொறுமையான வளர்ப்பு. தலைமுறைக்குத் தலைமுறை தேர்வு செய்யும் கண் சேர்ந்துகொண்டே போகிறது. டீப் இம்பாக்டில் பாதி சண்டே சைலன்ஸ். ஆனால் அந்தப் பொலிகுதிரையிடம் அழைத்துப்போகத் தகுதியான தாயை உருவாக்கியதில் சாண்ட்ரிங்ஹாமின் பங்கு சிறிதல்ல.

எலிசபெத்துக்கு 1977க்குப் பிறகு ஒரு கிளாசிக்கும் கிடைக்கவில்லை. ஓக்ஸையும் செயின்ட் லெஜரையும் வென்ற டன்ஃபெர்ம்லின்தான் கடைசி. ஹைட் ஆஃப் ஃபேஷனை விற்றதுதான் காரணம் என்று சொல்வது எளிது, ஆனால் முழு உண்மை அல்ல. 1970களின் பின்பாதியிலிருந்து வளைகுடா ஷேக்குகளும் அயர்லாந்தின் கூல்மோர் பண்ணையும் நூற்றுக்கணக்கான குதிரைகளோடு களத்தில் இறங்கினார்கள். வருடத்துக்குச் சில பத்துக் குட்டிகளோடு ஓடும் குடும்ப லாயம் அவர்களோடு எண்ணிக்கையில் போட்டி போட முடியாது.

அடுத்த செய்தி வரும்போது

1. விற்கப்பட்டது ஆணா பெண்ணா என்று முதலில் பாருங்கள். ஆண் என்றால் பெரும்பாலும் வழக்கமான வியாபாரம். இளம் பெண்குதிரை, அதிலும் குரூப் வெற்றியாளரின் தங்கையோ மகளோ என்றால், அதுதான் செய்தி.

2. ஜெயித்த குதிரை பிறந்த ஆண்டைப் பாருங்கள். 2023க்குள் பிறந்திருந்தால் அதன் இணை எலிசபெத் காலத்தில் முடிவானது.

3. பந்தயம் குரூப் தரமா, ஹேண்டிகேப்பா? அஸ்காட்டில் நடந்தது என்பதால் மட்டும் தரம் உயர்ந்துவிடாது.

4. பண்ணையில் பிறந்ததா, பரிசாக வந்ததா? 2011 டெர்பியில் மூன்றாவதாக வந்த கார்ல்டன் ஹவுஸ், துபாயின் ஷேக் முகமது கொடுத்தது. 2013இல் அஸ்காட் கோல்ட் கப்பை வென்ற எஸ்டிமேட், எலிசபெத்தின் 80ஆம் பிறந்தநாளுக்கு ஆகா கான் தந்த பரிசு. பதவியில் இருக்கும் ஒரு மன்னர் அந்தக் கோப்பையை வென்றது அதன் 200 ஆண்டு வரலாற்றில் அதுவே முதல் முறை. பரிசு என்பதால் எஸ்டிமேட்டின் மதிப்பு குறையாது, மாறாகப் பண்ணைக்குப் புதிய தாய்வழி ஒன்று கிடைத்தது. அதன் மகன் ரீச்சிங் ஹை, 2025இல் வில்லி மல்லின்ஸ் பயிற்சியில் ராயல் அஸ்காட்டில் எதிர்பார்ப்போடு ஓடி ஏமாற்றியது. ஆனால் அது ஆண். எஸ்டிமேட்டின் வம்சம் சாண்ட்ரிங்ஹாமில் தங்குமா என்பதை முடிவு செய்யப்போவது அதன் மகள்கள்.

5. அக்டோபர் ஏலத்தைவிட டிசம்பர் ஏலத்தைக் கவனியுங்கள். டாட்டர்சால்ஸில் தாய்க்குதிரைகள் விலைபேசப்படும் மாதம் அது. அங்கே சாண்ட்ரிங்ஹாம் எதை அனுப்புகிறது, எதை அனுப்பாமல் வைத்துக்கொள்கிறது என்பதில்தான் 2030களின் அரச லாயம் இருக்கிறது.